பெட்ரோல் கிண்ணம்

எங்கள் வீட்டுக் காரில் கழுவாத பொருள் எதுவும் ஏறாது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு நட்டைக் கழற்றினாலும் பெட்ரோலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்த பிறகுதான் மாட்டுவார். துணியில் கறை தெரிந்தால் மறுபடியும் கழுவுவார். அவருக்குப் பிறகு நானும் அதை ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தக் கார் ஆறு வருடமாக ஷெட்டில் முடங்கிக் கிடந்தது. அதை மறுபடியும் ஓடவைக்க வேண்டிய நிலை என் மனைவியால் வந்தது. அவளுக்கு ஒரு மாதத்தில் அறுவை சிகிச்சை என்று நாள் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இருக்க நாத்தனார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுடைய நாத்தனார், என் ஒரே தங்கை, மலைமேல் ஒரு ஊரில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

அதற்கான காரணத்தை மறைக்க விரும்பவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். இரண்டு மகன்கள் குத்துக்கல் போல இருக்கையில் தகப்பன் மகள் வீட்டில் கண்ணை மூடினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று எனக்குப் பட்டது. வண்டியில் பிரேக் சரியில்லை என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பினேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. இருபது நாளில் அப்பா போய்விட்டார். சாவுக்கு வந்த தங்கை நேராக ஷெட்டுக்குப் போய் அந்தக் காரை எடுத்துத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து சாவியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனவள்தான்.

இப்போது என் மனைவி போனில் கெஞ்சியதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பாவைக் கூட்டிட்டு வராத கார் என் வாசலுக்கு வரட்டும் அண்ணி. ஏறி வரேன்."

என்ஜின் இரண்டு நாளில் உயிர் பெற்றுவிட்டது. சிக்கல் பிரேக்கில்தான். உள்ளே இருந்த ரப்பர்கள் காய்ந்து உதிர்ந்திருந்தன. பார்வைக்குச் சின்ன மூடிகள் போல இருக்கும். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கவைப்பவை அவைதான். அந்தக் காரைச் செய்த கம்பெனியே மூடி இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. நானும் என் தம்பி சின்னவனும் மூன்று வாரம் அலையாத இடமில்லை. பழைய வண்டி உடைக்கும் இடங்களில் துருப்பிடித்த கதவுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு கடைக்காரர் என் காரின் பெயரைக் கேட்டதும், பார்ட்ஸ் வேண்டுமா, பரிதாபம் வேண்டுமா என்றார். இன்னொருவர், அந்த வண்டியில்தான் ஏறுவேன் என்று யாராவது அடம்பிடிக்கிறார்களா என்று சின்னவனிடம் என் காதுபடவே விசாரித்தார். பதில் சொல்லத் தகுதியான ஆளாக அவர் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில், மூடப்போகும் ஒரு கடையின் மேல்தட்டில் ஒரு தகர டப்பா கிடைத்தது. உலகத்தில் இதுதான் கடைசி என்று கடைக்காரர் ஏணியிலிருந்தபடியே சொன்னார். மிகைப்படுத்துகிறார் என்று தோன்றினாலும், எனக்குத் தெரிந்த உலகத்தில் அதுதான் கடைசி.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் 'அரைவார்த்தை' என்று கூப்பிடுவார்கள். அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்துவிட்டால் வண்டியை மறந்துவிடலாம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. எங்கள் ஷெட்டுக்கு வந்து, டப்பாவைத் திறந்து ஒவ்வொரு ரப்பராக நகத்தால் அழுத்திப் பார்த்தார். "நல்லது" என்றார். ஒரு தட்டில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் தட்டைப் பார்த்தேன். ரப்பர்களில் மஞ்சளாகப் பழைய கிரீஸ் ஈஷியிருந்தது. ஏதோ கடையின் தூசி அப்படியே அப்பாவின் காருக்குள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றி எல்லாவற்றையும் ஊறவைத்தேன். அரைமணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்து, இருந்த வரிசையிலேயே தட்டில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தை வேலைக்கு வந்தவரிடம் சொல்லி அனுமதி வாங்குவதா என்ற எண்ணம்தான். அவர் திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்டினார். நாலு தெரு ஓட்டிப் பார்த்தோம். பிரேக் கும்மென்று பிடித்தது.

மறுநாள் விடிந்ததும் சின்னவன் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான்.

காலை பதினொரு மணி இருக்கும். மறந்துவைத்த ஸ்பேனரை எடுக்க அரைவார்த்தை வந்தார். நான் ஷெட்டில் நின்றிருந்தேன். குனிந்து ஸ்பேனரை எடுத்தவர் நிமிரவில்லை. பெஞ்சுக்கு அடியில் அந்தக் கிண்ணம் இருந்தது. டப்பாவில் எங்கள் காருக்குப் பொருந்தாத ஒரு ரப்பர் உபரியாக இருந்ததை நான் கிண்ணத்திலேயே விட்டிருந்தேன். அவர் அதை விரலால் எடுத்தார். நேற்று சட்டைப் பொத்தான் அளவு இருந்தது இன்று உப்பிப்போய், கொழகொழவென்று இரு மடங்காகியிருந்தது.

"மத்ததும் இதுல போட்டீங்களா ஐயா?"

ஆமாம் என்றேன்.

"பிரேக் ரப்பரைப் பெட்ரோல்ல காட்டவே கூடாது. பிரேக் ஆயில்ல மட்டும்தான் கழுவணும். இப்ப உள்ள ஊதியிருக்கும். ஊதினா ஆயில் திரும்பி வர்ற ஓட்டை அடைஞ்சுடும். மிதிக்காமலே சக்கரம் பிடிச்சுக்கிட்டே ஓடும், சூடேறி ஆயில் கொதிக்கும். கொதிச்சா பெடல் தரையோட போயிடும்."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மேலே ஏறும்போது ஒன்றும் ஆகியிருக்காதா என்று கேட்டேன். ஏறும்போது யார் பிரேக் பிடிப்பார்கள் என்றார். பத்தரைக்குக் கிளம்புவதாகத் தங்கை என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். இறங்கும்போது கடைசி ஏழு வளைவுகளில் ஒரு பக்கம் பள்ளம்தான்.

சின்னவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டான். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது நான் அவனுக்குப் போட்ட சட்டம். தங்கையின் நம்பர் என்னிடம் இல்லை. உள்ளே ஓடினேன். நான் ஓடி என் மனைவி பார்த்ததில்லை, அதனால் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் போனில் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது மணியில் தங்கை எடுத்தாள்.

"அண்ணி?"

"நான்தான். வண்டியை நிறுத்தச் சொல்லு. பிரேக் சரியில்ல."

அந்தப் பக்கம் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள்.

"பதினோரு வருஷமா அதே பிரேக்தானா அண்ணா? நான் வர்றது பிடிக்கலைன்னா நேரா சொல்லு. தம்பி, நீ ஓட்டுடா."

"இல்லம்மா, நிஜமாவே. மெக்கானிக் ஒரு தப்பு பண்ணிட்டான்."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அரைவார்த்தை வாசற்படியில் நின்றிருந்தார். கையைத் துணியில் துடைத்தபடியே இருந்தார். பிரேக் வேலையில் கோட்டைவிட்டார் என்று பெயர் வந்தால் அப்புறம் அவரிடம் யார் வண்டியை விடுவார்கள்?

"அந்த மெக்கானிக்கிட்டயே குடு. அவர் சொல்லட்டும்" என்றாள் தங்கை.

போனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மறுக்கவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். என் கை நீட்டியபடியே நின்றது. போனுக்குள்ளிருந்து ஒரு வளைவில் ஹார்ன் அடிக்கும் சத்தம் வந்தது.

போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"நான்தான்மா பண்ணினேன். ரப்பரையெல்லாம் அவருக்குத் தெரியாம பெட்ரோல்ல கழுவிட்டேன். அப்பா கழுவுற மாதிரி. இப்ப அது உள்ள ஊதிப்போய்க் கிடக்கு. அன்னைக்கு நான் சொன்னது பொய். இது பொய் இல்ல. நிறுத்தச் சொல்லு."

"தம்பி, ஏதாவது வாடை வருதா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. கொஞ்ச நேரமாகவே கருகல் வாடை வருவதாகவும், எதிரே வந்த லாரி என்று நினைத்ததாகவும் சின்னவன் சொன்னான். அடுத்து அவன் குரல் மாறியது. "அக்கா, பெடல் இறங்குது."

அரைவார்த்தை ஒரே எட்டில் வந்து போனை வாங்கினார். இரண்டாம் கியருக்கு இறக்கு, பயப்படாதே, என்ஜின் கத்தினால் கத்தட்டும், கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு, மலைப் பக்கச் சுவரில் டயரை உரசு. தங்கையிடம் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் அவர் சத்தமே போடாமல், குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். போனில் என்ஜின் ஓலமிட்டது. கல் தெறித்தது. தகரம் நெடுகக் கிழிபடும் சத்தம் வந்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னுடுச்சு" என்றாள் தங்கை.

அரைவார்த்தையின் சின்ன லோடு வண்டியில் நானும் அவரும் போனோம். வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதான் சொல்லிட்டீங்களே" என்று கியரை மாற்றினார்.

கீழிருந்து மூன்றாவது வளைவில் கார் மலைச்சுவரில் சாய்ந்து நின்றிருந்தது. இடப்பக்கக் கதவுகள் இரண்டும் வரிவரியாகக் கிழிந்திருந்தன. சக்கரங்களிலிருந்து அனல் அடித்தது. சின்னவன் டயர்களுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் மெக்கானிக்கிடம் எகிறினான். தங்கை அவனை அதட்டி உட்காரவைத்தாள். அவள் சாலையோரக் கட்டையில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதித் தலை நரைத்திருந்தது.

"இது இனி எப்ப ஓடும்?" என்று அரைவார்த்தையைக் கேட்டாள்.

"ரப்பர் கிடைச்சா."

கிடைக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா கேட்டாரா? ஏன் வண்டி எடுக்கலைன்னு கேட்டாரா?"

"தினமும் கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்குன்னு சொன்னேன். கடைசி நாள் வரைக்கும் நாளைக்குன்னேன்."

அவள் எழுந்து பெட்டியை லோடு வண்டியின் பின்னால் போட்டாள்.

லோடு வண்டியில் முன்னால் இருவருக்குத்தான் இடம். காரைக் கட்டி இழுத்துப்போகப் பெரிய வண்டி வரும்வரை ஒருவர் காவலுக்கு இருந்தாகவேண்டும். சின்னவன் இருப்பதாகச் சொன்னான். நீ பின்னால் ஏறி வீட்டுக்குப் போ, நான் இருக்கிறேன் என்றேன். அவன் தயங்கினான். தங்கை முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவரே இருக்கட்டும். ஏறுடா, அண்ணி சாப்பிடாம உக்காந்திருப்பாங்க."

வண்டி வளைவில் இறங்கி மறைந்தது. டயருக்கு வைத்த கற்களில் ஒன்று சரியாக அணையாமல் இருந்தது. குனிந்து அதைச் சரிசெய்தேன்.