கார்டா ஏரியின் மடை

இத்தாலியிலிருந்து திரும்பிய நாள் முதல், தங்கப்பாண்டி வாயைத் திறந்தால் கார்டா ஏரிதான். வெரோனாவில் வேலை பார்க்கும் மகள் ஆர்த்திகாவோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவர். ஏரி ஐம்பது கிலோமீட்டர் நீளமாம், வடக்கே மலையாம், கரையெல்லாம் ஓட்டலாம், எலுமிச்சையாம். பேச்சோடு விட்டிருந்தால் தங்கை முனீஸ்வரிக்கு ஒன்றுமில்லை. பொங்கலுக்கு ஊர்க் கண்மாயில் படகு விடப் போவதாகச் சொல்லி, கண்மாய்ச் சங்கத் தலைவர் என்ற கெத்தில் மடையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் குறையக் கூடாதாம்.

முனீஸ்வரியின் ஒன்றரை ஏக்கர் நெல் கண்மாய்ப் பாசனத்தின் கடைசி வயலில் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரே ஒரு தடவை தண்ணீர் பாய வேண்டும். பாயாவிட்டால் எல்லாம் பதர்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் வாயெல்லாம் பல்லாகச் செல்போனை நீட்டினார்.

“பாரு, எம்புட்டுத் தண்ணி! ஆழம் முந்நூறு மீட்டருக்கு மேலயாம்.”

பல்லைக் கடித்துக்கொண்டு முழு வீடியோவையும் பார்த்தாள். மலை, வெள்ளைப் படகு, தொப்பி போட்ட அண்ணன்.

“இதுக்கு மடை எங்கண்ணே இருக்கு?”

“மடையா?” சங்கத் தலைவர் திருதிருவென முழித்தார். “நான் படகுலதான போனேன்.”

முனீஸ்வரி விடவில்லை. ஆர்த்திகாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னாள்.

“இருக்கு அத்தை. தெக்குக் கோடியில மின்சியோன்னு ஒரு ஆறு வெளிய போகுது. அதுல ஷட்டர் இருக்கு. கீழ இருக்குற வயக்காட்டுக்கு அந்தத் தண்ணிதான். மழை இல்லாத வருசம், தெறக்காதீங்கன்னு ஏரிக்கரைக்காரங்க சத்தம் போட்டாங்களாம். கொறைச்சுத்தான் விட்டாங்க, ஆனா விட்டாங்க. அப்பாவ அங்க கூப்பிட்டேன். ஐஸ்கிரீம் கடைக்குப் போகணும்னுட்டாரு.”

தங்கப்பாண்டி முகத்தில் ஈயாடவில்லை.

“எம் பயிரு சாகுதுண்ணே,” என்றாள் முனீஸ்வரி.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே தங்கப்பாண்டியும் வந்தார். வெடித்துக் கிடந்த வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையில் இறங்கி, செல்போனைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“ஆர்த்திகாவுக்கு அனுப்பணும். அங்க மலைய எடுத்தேன், படக எடுத்தேன். மடைய எடுக்காம வந்துட்டேன்.”

முனீஸ்வரிக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்து, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“எடு, நல்லா எடு. கொஞ்சம் தள்ளி நின்னு எடுண்ணே. தண்ணிய மறிச்சுக்கிட்டு நிக்கிற.”