நாலாம் நாள் சூரியன்

ஞாயிறு பள்ளிச் சுவரில் சிருஷ்டிப்பு ஓவியம்: கடவுள் உலகைப் படைத்த ஆறு நாளும் ஆறு கட்டங்களில். நாளைக் காலை திறப்பு. நன்றாக வந்தால் பெரிய ஆலய வேலையும் பெயின்டருக்குத்தான். முதல் நாள் கட்டத்திலேயே அவர் சூரியனை வரைந்ததுதான் வினை.

"முதல் நாள் வெறும் வெளிச்சம்தான்யா. சூரியன் நாலாம் நாள்தான். அழிங்க!" என்றார் போதகர்.

அழித்தார்.

"ஏன் அழிச்சீங்க? நாள்னா யுகம். சூரியன் முதல்லயே இருந்துச்சு, மூடுபனி விலகி நாலாவதுல தெரிஞ்சுது" என்றார் போதகரின் மச்சான், அறிவியல் ஆசிரியர்.

மறுபடி வரைந்தார். மறுபடி அழிக்கச் சொன்னார் போதகர். சுவர்ப் பூச்சே பெயர்ந்தது.

பெயின்டர் தூரிகையை வாளியில் எறிந்தார். "கடவுள் ஆறே நாள்ல முடிச்சாருன்னா, பக்கத்துல மச்சானுங்க யாரும் நிக்கலைங்கய்யா!"

"கேட்டீங்களா மச்சான், ஆறு நாள்னு அவரே சொல்லிட்டாரு!"

"ஆறு யுகம்!"

பெயின்டர் ஏணியோடு வெளியேறியதை இருவரும் கவனிக்கவில்லை.