இரண்டு பாட்டும் ஒரு படமும்

தூத்துக்குடியில் ஒரு பாட்டு யாரையாவது மாற்றிவிட்டால், அதன்பின் அது அவர் வீட்டிலேயே தங்கிவிடும். சுவரில் மாட்டும் படங்களும் அப்படித்தான். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஹெப்சிபாவின் வீட்டில் மூன்று பாட்டுகளும் ஒரு படமும் இருந்தன.

மூத்தது ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு. அது ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது, மற்றவர்கள் அந்தப் பாட்டில் பெண்குரலைக் கேட்க, ஹெப்சிபாவுக்கு மட்டும் அதற்கு அடியில் யாரோ தும் தும்மென்று கனமாக நடந்துபோவது கேட்டது. அன்றோடு பியானோ வகுப்பை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தாள். இரண்டாவது, காய்கறி வண்டிக்காரர் ஒருவர் பாடிக்கொண்டு போனது. அதைக் கேட்டதிலிருந்து பாகற்காய் பிடித்துப்போயிற்று. அது பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஈரத்தோடு கிடக்கும்.

மூன்றாவது தனராஜின் பாட்டு. கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள், ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில் மினி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் சுருதி சேராமல் தனக்குத்தானே பாடியதைக் கேட்டாள். இறங்குவதற்குள் மனம் மாறிவிட்டது. பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் அந்த தனராஜ்தான் அவள் கணவன். அவன் பாட்டு பீரோவில் சேலைகளுக்கு நடுவே இருந்தது.

படம், பாதி வெள்ளையடித்த ஒரு கலங்கரை விளக்கம். வெள்ளையடித்தவர் சாப்பிடப் போயிருந்தார், ஏணி மட்டும் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் ஒன்றைப் பாதியில் விட்டாலும் வானம் இடிந்துவிடாது என்று ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது.

கடற்கரை வானொலியிலிருந்து சிவகாமசுந்தரி வந்தபோது வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், பாட்டுகள் உட்பட.

"மாற்றம்னு ஒரு நிகழ்ச்சி. இந்தத் தடவை உங்களைக் கூப்பிடலாம்னு இருக்கோம். உங்களை மாத்தினதுல ரெண்டு பாட்டு, ஒரு படம்" என்றார்.

வானொலியில் படம் தெரிய, கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் போதும். அது சிக்கலில்லை. ஒலிபரப்பான பாட்டு வீடு திரும்பாது என்பதுதான் சிக்கல். கேட்டவர்களில் ஒருவர் வீட்டுக்கோ, சில சமயம் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கோ போய்விடும். அது செய்த மாற்றமும் கூடவே போய்விடும். கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வீட்டிலேயே கிடக்கும் பாட்டு நாளாக நாளாகச் சத்தம் குறைந்து, கடைசியில் சுவரில் ஒரு கறையாகிவிடும். தனராஜின் பாட்டு இப்போதே, பீரோவைத் திறந்து காதைக் கிட்டத்தில் வைத்தால்தான் கேட்டது.

சிவகாமசுந்தரி போனபின் தனராஜ்தான் பேச்சை எடுத்தான்.

"பாவக்கா பாட்டு போகட்டும். படமும் போகட்டும். இன்னொண்ணு?"

ஹெப்சிபா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு பீரோவைப் பார்த்தாள்.

"சோப்புப் பாட்டைக் குடுத்தா எனக்கு வாசிக்க வராது" என்றாள்.

"எம் பாட்டைக் குடு."

"குடுத்தா?"

"நான் எங்கயும் போகல. பாட்டுதான போகுது."

"நான் போயிட்டா?"

தனராஜ் கொஞ்ச நேரம் கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "அது பீரோக்குள்ள கிடந்து கறையாப் போறதுக்கு, நாலு பேரு கேக்கட்டும் ஹெப்சி. நான் பாடினதை யாரு கேட்டா, உன்னைத் தவிர?"

மறுநாள் காலை ஆட்டோ பிடித்தார்கள். ஓட்டுநர் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு ஆளு, ரெண்டு பாட்டு, ஒரு படம்" என்றான் தனராஜ்.

"படத்தை மடியில வச்சுக்கிடுங்க" என்றார் அவர்.

நிலையத்தில் ஹெப்சிபா ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றும் தன்னை எப்படி மாற்றியது என்று சொன்னாள். காய்கறிப் பாட்டு போனதும் நாக்கின் ஓரத்தில் பழைய கசப்பு வந்தது. படம் போனதும், எதிரே ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தபின்தான் அவளால் வாயைத் திறக்க முடிந்தது. கடைசியாக தனராஜின் பாட்டு. கிளம்பும் முன் அது கொஞ்சம் தயங்கி, சுருதி விட்டுப்போகிற இடத்தில் சரியாக விட்டு, பிறகு போயிற்று.

வெளியே பெஞ்சில் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். ஹெப்சிபாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மினி பஸ், தேவாலயம், போன மாதம் இருவரும் சேர்ந்து வாங்கிய குக்கர். சம்மதம் மட்டும் இல்லை.

"நீங்க ரொம்ப நேரம் காத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எப்போதும் நீ, வா என்பவளின் அந்த "நீங்க" தனராஜுக்குக் கேட்டது. "இல்லைங்க, இப்பத்தான்" என்றான் அவனும். திரும்பும்போது பின்னிருக்கையை அவளுக்கு விட்டுவிட்டு ஓட்டுநர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். வழியெல்லாம் அவள் கடைப்பலகைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு வந்தாள். அவன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு பார்க்கவில்லை.

சாயங்காலம் கதவைத் தட்டியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆறுமுகநயினார். தோளில் ஒரு பை, துவைத்துத் தேய்த்த வேட்டி.

"காலையில ரேடியோ கேட்டேன். தனராஜ்ங்கிறது நீங்கதான?" என்றார். "எனக்குச் சம்மதம்."

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றான் தனராஜ்.

ஹெப்சிபா டீ போட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மனைவி போனபின் இன்னொருவரோடு வாழ்வதைப் பற்றித் தான் நினைத்ததே இல்லை என்றும், பாட்டு முடிவதற்குள் மனம் மாறிவிட்டது என்றும் பெரியவர் சொன்னார்.

"இவர்ட்ட என்ன பிடிச்சது உங்களுக்கு?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

"சுருதி போயிட்டுன்னு அவருக்கே தெரியுது. வேற ஆளா இருந்தா நிப்பாட்டிருவான். இவரு ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டு, விட்ட இடத்துலயே பிடிச்சுப் போறாரு பாருங்க."

"சிரிக்கல. இருமினாரு."

"சிரிப்புதாம்மா. நல்லாக் கேட்டுச்சு."

"அண்ணாச்சி, நான் பக்கத்து சீட்ல இருந்தேன். இருமல்தான். இருமிட்டு, எனக்குத் தொந்தரவா இருக்குமோன்னு ஜன்னல் பக்கமாத் திரும்பிப் பாடினாரு. அது ரேடியோல எப்படித் தெரியும்?" விஷயத்தைப் பாதியில் விட அவளால் முடியவில்லை. "கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல மோட்டார் ஓடலைன்னதும் பட்டுச் சட்டையோட தொட்டிக்குள்ள இறங்கினாரு. அது பாட்டுல இருக்கா? எங்கம்மாவை ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப நர்சுங்க ஃபேனையெல்லாம் ரிப்பேர் பண்ணிக்கிட்டே கூட இருந்தாரு. அது இருக்கா?"

"அது இல்ல" என்று பெரியவர் ஒத்துக்கொண்டார்.

சோப்புப் பாட்டுகூட அடங்கியிருந்தது. தனராஜ் டீ கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் ஹெப்சிபா. "நான் முதல்ல வந்தவ." பிறகு தனராஜைப் பார்த்து, "டீ ஆறுது பாரு, குடி" என்றாள்.

தனராஜ் ஒரே மடக்கில் குடித்தான். குடித்துவிட்டு இருமினான்.

பெரியவர் அதைக் கவனமாகக் கேட்டார். "இருமல்தான்" என்றார். பாட்டைத் தான் நல்லபடியாக வைத்துக்கொள்வதாகவும், வீட்டில் வெயில் படாத அலமாரி ஒன்று இருப்பதாகவும் சொல்லி எழுந்தார். தனராஜ் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தான்.

தெருவில் ஒரு நிலக்கரிக் கப்பல் நின்றிருந்தது. நடுக்கடலில் ரேடியோ கேட்டிருக்கும் போல. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருசக்கர வண்டிகளை உள்ளே தள்ளி அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். தனராஜைக் கண்டதும் அது தாழ்ந்த குரலில் ஒரு முறை ஹார்ன் அடித்தது.

"எனக்குப் புரியுது" என்று தனராஜ் அதனிடம் சொன்னான். "ஆனா இப்பத்தான் முடிவாயிட்டு. தப்பா எடுத்துக்கிடாத."

ஆறுமுகநயினார் கப்பலின் பக்கவாட்டில் கையை வைத்து, நானும் அதுக்குத்தான் வந்தேன் என்றார்.

அது திரும்பிப் போக இடம் வேண்டுமே என்று ஹெப்சிபா மாடிக்குப் போய், காய்ந்தும் காயாமலும் இருந்த துணிகளை எடுத்துவிட்டு, தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்தாள்.