சக்கரம் வைத்த கோதுமை மூட்டை

விமானம் தரையை விட்டுக் கிளம்பும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பாப்பாயி தன் வீட்டில் போட்டிருந்த சட்டம் இது. மகன் அன்புச்செல்வன் மலேசியாவுக்கு வெல்டர் வேலைக்குப் போகிறான், வியாழக்கிழமை டிக்கெட். கைலாசபுரத்தை ஒட்டிய அந்தக் காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய். ஆனாலும் காக்கை குருவிக்குக்கூட விஷயம் தெரியாது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பது பாப்பாயியின் வேதம். மகளுக்கு முதலில் வந்த சம்பந்தம் தட்டிப்போனது ஊரெல்லாம் சொன்னதால்தானாம். புது வண்டி வாங்கிய மறுநாளே அன்புச்செல்வன் சறுக்கி விழுந்ததும் அதனால்தானாம். அப்போது அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்பதை அவள் சேர்த்துக்கொள்வதில்லை.

மருமகள் ஜோதிக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தென்னூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜெண்ட் ஜெயக்குமார் எடுத்துக்கொடுத்தது டூரிஸ்ட் விசா. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்குக் கொடுக்கிற விசாவில் ஒருவன் எப்படி வெல்டிங் வேலை பார்ப்பான்?

"அங்க போயி மாத்திக்கலாமாம். ஜெயக்குமார் அண்ணன் சொல்லிட்டாரு" என்றான் அன்புச்செல்வன்.

"அவரு போயி மாத்தினாரா?"

"அவரு எதுக்குப் போகணும்? அவரு ஏஜெண்டு."

"சரிங்க, போனவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேட்டா தெரிஞ்சிடாதா?" அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பாப்பாயி அங்கிருந்தே கேட்டாள்.

அந்த வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி உடைத்துப் பார்த்துத்தான் அவள் வாங்கியிருந்தாள். பெண்ணுக்கு வரன் பார்த்தால் ஏழு தலைமுறையை விசாரிப்பார்கள். பெற்ற பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பும்போது மட்டும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. ஜோதிக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சூட்கேஸ் வாங்கியது இன்னொரு கூத்து. அதைச் சாக்கில் திணித்துக் கொண்டுவரச் சொன்னது பாப்பாயி. அவ்வளவு பெரிய சாக்கு எதிர்வீட்டு ஷஹனாஸிடம்தான் இருந்தது. போன வாரம் அரிசி வந்த சாக்கு என்றாள். எதற்கு என்று அவள் கேட்காததே பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? குழாயடியில் சகாயராணி நின்றிருந்தாள்.

"என்ன ஜோதி, மூட்டை?"

"கோதுமைக்கா."

சாக்கின் கிழிசல் வழியாக இரண்டு கறுப்புச் சக்கரங்கள் எட்டிப் பார்த்தன. சகாயராணி சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு ஜோதியைப் பார்த்தாள். "நல்லது, சப்பாத்தி போடலாம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் கணவன் அற்புதசாமியும் வெல்டர்தான். பொங்கலிலிருந்து கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதாகக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை பாப்பாயி மகனையும் மருமகளையும் ஸ்ரீரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழக்கமாக அவள் வேண்டிக்கொள்வது வயலூர் முருகனிடம். அங்கே போனால் காம்பவுண்டுக்காரர்கள் யாராவது கண்ணில் படுவார்கள், என்ன விசேஷம் என்று கேட்பார்கள். அதனால் முருகனுக்கும் தெரியாமல் பெருமாளிடம் வந்தாயிற்று. தரிசனம் முடித்து ராஜகோபுரத்தைத் தாண்டி வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்கள்.

காக்கிச் சட்டை போட்ட டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்தான். கண்ணாடியில் இருந்தது அற்புதசாமியின் முகம்.

"அண்ணே, நீங்க கோயம்புத்தூர்ல இல்ல?" என்றாள் ஜோதி.

"லீவுக்கு வந்தேம்மா. மச்சான் வண்டி, சும்மா ஓட்டிப் பாக்குறேன்." தாடையில் நாலு நாள் தாடி இருந்தது. "நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா சாமி கும்பிட வந்தோம் தம்பி" என்றாள் பாப்பாயி முந்திக்கொண்டு.

அன்புச்செல்வன் வெளியே தேங்காய்க் கடைகளை வேடிக்கை பார்த்தான். வண்டி அம்மா மண்டபம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. லீவில் வந்தவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சவாரி ஏற்றுகிறான், நாளை மறுநாள் கடல் தாண்டப் போகிறவன் சும்மா கோயிலுக்கு வந்திருக்கிறான். ஒரு ஆட்டோவுக்குள் இத்தனை பொய்யா என்று ஜோதிக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்கவே முடியாது.

"அண்ணே, இவரு வியாழக்கிழமை மலேசியா போறாரு. டூரிஸ்ட் விசா. போயி மாத்திக்கலாம்னு சொல்றாங்க. முடியுமா?"

பாப்பாயி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மாம்பழச்சாலைக்கு வந்ததும் அற்புதசாமி வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினான்.

"எந்த ஏஜெண்டு?"

"தென்னூரு ஜெயக்குமார்."

"நானும் அவருகிட்டதான் போனேன். கோயம்புத்தூருன்னு ஊருக்குச் சொன்னோம்." அவன் திரும்பாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எறங்கின அன்னிக்கே பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டாங்க. வெல்டிங் எல்லாம் இல்ல, கிடங்குல மூட்டை தூக்குற வேலை. விசாவ யாரும் மாத்தித் தரல. போலீஸ் வண்டி வந்தா பின்பக்கமா ஓடி ரப்பர் தோட்டத்துல ஒளிஞ்சிக்கணும். ஜுரத்துல கெடந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனா பிடிச்சிடுவாங்கன்னு விடல. கடைசியில எங்க சர்ச்சு பங்குச்சாமியாரு யார் யாரையோ பிடிச்சு என்னை ஊருக்கு வரவச்சாரு. இப்ப திருவானைக்கோவில்ல அக்கா வீட்டுல கெடக்குறேன்."

அன்புச்செல்வனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள் ஜோதி.

"போறப்ப கண்ணு பட்டுடும்னு சொல்லல. வந்தப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?" என்றவன் கொஞ்சம் தயங்கினான். "சகாயம் போன்ல சொன்னா, உங்க வீட்டுக்குச் சக்கரம் வச்ச மூட்டை வந்துச்சுன்னு. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். சொன்னா நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சிடுமே."

ஜோதிக்கு அவனை அறையலாம் என்று வந்தது. சகாயராணியை, மாமியாரை, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அறையலாம். அந்த வரிசையில் கோதுமை என்று சொன்ன தானும் நிற்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தபோது கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே" என்றான் அன்புச்செல்வன். "வண்டியத் தென்னூருக்கு விடுங்க. பாஸ்போர்ட் அவருகிட்டதான் இருக்கு. நீங்களும் கூட வாங்க."

அற்புதசாமியை வாசலில் பார்த்ததுமே ஜெயக்குமாருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் முறுக்கிப் பார்த்துவிட்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். கட்டிய பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றான். வீட்டு வாசலில் இறங்கும்போது பாப்பாயி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இவன் போகலைங்கறத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அசிங்கமாப் போயிடும்."

நாளைக்குக் காலையில் மற்ற ஐந்து வீட்டுக்கும் தானே போய்ச் சொல்வது என்று அந்த நிமிஷமே ஜோதி முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் முதலில் ஷஹனாஸ் வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. மற்ற வீடுகளில் சொல்லி முடித்து, உச்சிவெயிலில் சாக்கைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் போனபோது கதவு திறந்திருந்தது. ஷஹனாஸ் பளபளவென்று புதுச்சேலையில் நின்றாள், கையில் மைசூர்பாகுத் தட்டு.

"நானே வரலாம்னு இருந்தேன் ஜோதி. எடுத்துக்கோ. இனிமே சொல்லலாம், ஃப்ளைட்டு கெளம்பிடுச்சு. எங்க வீட்டுக்காரரு மலேசியா போயிட்டாரு. ஏர்போர்ட்டுலேருந்து இப்பதான் வந்தோம்."

ஜோதி கையிலிருந்த சாக்கைப் பார்த்தாள்; போன வாரம் அதில் வந்தது அரிசி இல்லை.

"தென்னூர்ல ஒரு அண்ணன்தான் ஏற்பாடு பண்ணினாரு. டூரிஸ்ட் விசாதான், அங்க போயி மாத்திக்கலாமாம்."

"ஷஹனாஸ், அவருக்குப் போன் போடு. எறங்கினதும் பாஸ்போர்ட்ட யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லு. இப்பவே போடு."

ஷஹனாஸ் சிரித்தாள். தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"போன் ஆஃப்ல இருக்கும் ஜோதி. அவரு இன்னும் மேலதான பறந்துக்கிட்டிருக்காரு."