ஒரு வருஷம் ஆகாதவன்

ஹைகலை அந்த ஈப்போ ஹோட்டலுக்கு இழுத்து வந்ததே அங்கே செஃப்பாக இருந்த கமருல்தான். பழைய இடத்தில் ஆறு வருஷமாக ஹைகல் பாட்டுக்கு தேங்காய்ப்பாலில் சுண்டும் மாட்டிறைச்சி ரென்டாங் கிளறிக்கொண்டு நிம்மதியாக இருந்தான். கமருல் அந்தச் சமையல்கட்டின் பின்வாசலுக்கே வந்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, தேன் ஒழுகப் பேசினான்.

"செஃப்னுல்லாம் கூப்பிடாத தம்பி. சொந்த அண்ணனா நெனச்சு அபாங்னு கூப்பிடு. நான் இருக்கிற அடுக்குமாடியிலயே வீடு பிடிச்சுத் தர்றேன். கல்யாணம் ஆனவன், நாளைக்குப் புள்ளகுட்டின்னு வந்தா லீவுக்கு நானாச்சு. நானும் மூணு பெத்தவன்தானே."

வாயில் சொன்னதுதான். ஹைகல் அதை அப்படியே நம்பி, இருந்த வேலையை உதறிவிட்டு அந்த அடுக்குமாடிக்கே குடிவந்தான். நல்லவன் என்று சொல்வதா, ஏமாளி என்று சொல்வதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி அத்தீக்கா உண்டானாள். தலைப்பிரசவம் என்பதால் கிழக்குக் கரையோரம் டுங்குனில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். நோன்பு மாதத்தின் நடுவில் பிறக்கும் என்றார் டாக்டர். ஹைகல் முன்கூட்டியே கமருலிடம் போய் நின்றான்.

"அபாங், லீவு விஷயமா..."

"அடுப்படியில செஃப்னு கூப்பிடு" என்றான் கமருல், தலையைத் தூக்காமல். "அப்பனுக்கு சம்பளத்தோட ஏழு நாள் லீவு உண்டுதான். சட்டமே இருக்கு. ஆனா ஒரே முதலாளிகிட்ட ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும். உனக்கு இன்னும் முடியலையே."

"பழைய இடத்துல ஆறு வருஷம் இருந்தேனே. நீங்க கூப்பிட்டுத்தானே விட்டுட்டு வந்தேன்?"

"அது அந்த முதலாளி கணக்கு. இங்க நீ புது ஆளு. புது ஆளு புது ஆளு மாதிரி இருக்கணும்."

"சம்பளம் வேணாம் செஃப். ரெண்டே நாள், சும்மா விடுங்க. போய்ப் பார்த்துட்டு ஓடி வந்துர்றேன்."

"நோன்பு திறக்கிற விருந்துக்கு ஊரே இங்க வருது. வர்றதே உன் ரென்டாங்குக்குத்தான். உன்னை விட்டுட்டு நான் என்ன பண்றது?" என்று சிரித்தான் கமருல். "என் வீட்டுக்காரிக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்துலதான் பிரசவம். நான் லீவு எழுதிக் கொடுத்துட்டேன். அப்போ அடுப்பு உன் பொறுப்பு, மறந்துராத."

அந்தச் சிரிப்பை ஹைகல் மறக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஹைகல் இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குள் நின்று, கைப்பேசி வழியாகப் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னான். நஞ்சுக்கொடியை உப்பும் புளியும் போட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைப்பது அப்பன் செய்ய வேண்டியது. அதைப் பக்கத்து வீட்டு மீன்காரர் செய்தார். பிள்ளை ஓயாமல் அழுகிறதாம். "புதைச்சது அப்பன் கை இல்லையே, அதான்" என்று மாமியார் போனில் சொன்னார். வெறும் பேச்சுதான். ஆனாலும் அது ஹைகலைச் சுட்டது.

கமருலை அடிக்க வேண்டும் என்றோ, அவன் அடுப்பைக் கவிழ்க்க வேண்டும் என்றோ ஹைகலுக்குத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான். கமருலுக்குப் பிள்ளை பிறக்கும்போது அவனும் எங்கேயாவது ஒரு புது ஆளாக நிற்க வேண்டும். ஒரு வருஷம் ஆகாதவனாக நிற்க வேண்டும். நோன்பு திறக்கும்போது கேட்கும் துஆவில்கூட இதைக் கேட்டான். கேட்கலாமா கூடாதா என்று யாரையும் கேட்கவில்லை.

வாய்ப்பு தானாக வந்தது. ஹோட்டல் முதலாளியான டத்தோ, நோன்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பெரிய மனிதர்களை விருந்துக்கு அழைத்திருந்தார். பினாங்கில் அவர் திறக்கப்போகும் ஹோட்டலுக்குத் தலைமைச் சமையல்காரர் யார் என்பதை அன்றைய சாப்பாட்டை வைத்து முடிவு செய்வார் என்று பேச்சு. கமருல் மதியத் தொழுகை முடித்து வந்து ஹைகலின் கையிலிருந்த கிளறும் துடுப்பை வாங்கிக்கொண்டான்.

"இன்னைக்கு ரென்டாங் நான் பார்த்துக்கிறேன். நீ வெங்காயத்தப் பாரு."

காலையிலேயே ஹைகல் அதில் உப்புப் போட்டுவிட்டான். மசாலா சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட உப்பு. கமருல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உப்பு டப்பாவை எடுத்தான், கைநிறைய அள்ளினான், போட்டான். இன்னொரு கையும் போட்டான்.

நோன்பு மாதத்தில் எங்கள் ஊர்ச் சமையல்கட்டுகளில் இதுதான் சிக்கல். நோன்பு வைத்திருப்பவன் ருசி பார்க்க முடியாது. நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பலாம், ஆனால் கமருல் அதுவும் செய்யமாட்டான். தன் நோன்பு கெட்டுவிடுமாம், அடுத்தவன் நாக்கு கெட்டால் பரவாயில்லையாம். கேக் பக்கம் நிற்கும் சியூ ஃபோங் நோன்பில்லாதவள், எல்லாவற்றையும் ருசி பார்ப்பாள். ஆனால் குவான் யின் சாமியைக் கும்பிடுகிறவள், மாட்டிறைச்சியைத் தொடமாட்டாள். ஆகவே ரென்டாங்குக்கு ஹைகலின் நாக்குதான்.

"பார்த்துச் சொல்லு" என்று கரண்டியை நீட்டினான் கமருல்.

ஹைகல் நுனிநாக்கில் வைத்தான். கடல் தண்ணீர். துப்பினான், வாயைக் கொப்பளித்தான். உப்பு அதிகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்து எப்படியாவது சமாளித்திருக்கலாம், அதற்கு நேரமும் இருந்தது. நோன்போடு பொய் சொல்லவும் அவனுக்கு மனமில்லை.

"உங்க கை போட்ட உப்பு செஃப். நான் புது ஆளு, அதுல நான் என்ன சொல்ல?"

கமருலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்பதான்டா பேசக் கத்துக்கிட்ட" என்று ஹைகலின் முதுகில் தட்டினான்.

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. டத்தோ பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, ரென்டாங்கில் கை வைத்தார். அடுத்த நொடி மறுபடி தண்ணீர்க் குவளையைத் தேடினார். அவர் மேசையில் எல்லோரும் தண்ணீரைத் தேடினார்கள். கமருலை அழைத்து, பெரிய மனிதர்கள் முன்னால் சத்தமில்லாமல் சொன்னார்: "நாளையிலேருந்து காலையில முட்டை பொரிக்கிற இடத்துல நில்லு. அதுக்கு உப்பு அவங்கவங்களே போட்டுக்குவாங்க."

கமருலுக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். அது ஹைகலுக்குத் தெரியும். அதை நம்பித்தான் வாயை மூடியிருந்தான். சமையல்கட்டுக்குத் திரும்பிய கமருல் ஏப்ரனை அவிழ்த்து ஹைகலின் காலடியில் வீசினான்.

"நாக்குல வச்சுப் பார்த்தியே. ஏன்டா சொல்லல?"

"புது ஆளு புது ஆளு மாதிரி இருக்கணும்னீங்களே செஃப்."

கமருல் அன்றே வேலையை விட்டான். சியூ ஃபோங் மட்டும் ஹைகலை ஓரமாக இழுத்து, "மூணு புள்ளைக்காரன்டா, பாவம்" என்றாள். "என் புள்ளைக்கும் ஒரு அப்பன் இருந்தான் அக்கா" என்றான் ஹைகல். அவள் கேக்கைப் பார்க்கப் போய்விட்டாள்.

பெருநாளைக்கு டுங்குன் போய் ஹைகல் தன் மகளை முதன்முதலாகத் தூக்கினான். அவள் அவனைப் பார்த்து வீறிட்டு அழுதாள், யாரோ ஒருத்தன் என்று.

கமருலுக்கு ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. மனைவியும் பிள்ளைகளும், வயதான மாமியாரோடு ஈப்போவில் அதே அடுக்குமாடியில், ஹைகலுக்கு இரண்டு மாடி மேலே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள் காலையில் போன் வந்தது.

"ஹைகல்... தம்பி. அபாங் பேசுறேன்."

"எந்த அபாங்?"

"கமருல்."

"ஓ. செஃப்பா."

"பையன் பொறந்திருக்கான். நஞ்சுக்கொடிய ஆஸ்பத்திரியில கொடுத்துட்டாங்க, மாமியார் வீட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்களால குழி தோண்ட முடியாது. அங்க எனக்கு ஆள் யாருமில்ல."

"நீங்க வரலையா? லீவு கேட்டீங்களா?"

மறுமுனையில் கமருல் ஏதோ முணுமுணுத்தான்.

"என்ன சொன்னாங்க செஃப்? சரியா காதுல விழல."

"ஒரு வருஷம் ஆகலையாம்."

"ஆகலைன்னா?"

"புது ஆளாம்" என்றான் கமருல்.

ஹைகலுக்கு உடம்பெல்லாம் இனித்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருந்தான். போனை வைத்துவிட்டு மேலே ஏறினான். ஏன் ஏறினான் என்று அவனுக்கே எரிச்சல்தான். கிழவி நஞ்சுக்கொடிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் பிறந்தவன் இவனுக்கு என்ன செய்தான்?

நஞ்சுக்கொடியை ஓடும் தண்ணீரில் அலசினான். பிஸ்மி சொல்லி, அளந்து உப்புப் போட்டான். புளி கரைத்து ஊற்றினான். கிழவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வெள்ளைத் துணியில் சுற்றி, அடுக்குமாடிக்குப் பின்னால் எலுமிச்சை மரத்தடியில் ஆழமாகப் புதைத்தான். கைகழுவும்போது மறுபடி போன் அடித்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

கமருல் தயங்கினான். பிறகு கேட்டான், "உப்பு... உப்பு சரியா போட்டியா ஹைகல்?"

சரியாகத்தான் போட்டிருந்தான். அதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

"எனக்கென்ன தெரியும் செஃப். என் புள்ளைக்கு நான் இதைச் செஞ்சதில்ல. இந்த வேலைக்கு நான் புது ஆளு" என்று சொல்லி ஹைகல் போனை வைத்தான்.