வடிகாலில் கிடந்த சிவப்பு

நீடாமங்கலம் பக்கத்து ஊர் அது. பசுமை ரசாயனப் பூங்கா வருகிறது என்றதும் ஊரே எதிர்த்துக் குதித்தது. பூங்கா என்று பெயர் வைத்துவிட்டால் ரசாயனம் மணக்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நெல் உமியை எரித்து, அந்தச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து சிலிக்கா எடுக்கும் ஆலை. கழிவுநீரை உள்ளேயே சுத்தம் செய்து திரும்ப ஓட்டுவார்கள், ஒரு சொட்டு வெளியே வராது என்று கிராமசபையில் எழுந்து வாக்குக் கொடுத்தவர் வீரையன். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பு அவர் மகள் சுடர்விழி. அந்தத் தைரியம்.

மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் காலை, ஆலையை ஒட்டி வரும் வடிகால் ஊருக்குள் ரத்தச் சிவப்பாகக் கிடந்தது.

ஊர் திரண்டுவிட்டது. முன்னால் ஊராட்சித் தலைவி வேம்பு, பக்கத்தில் முகம் செத்துப்போன வீரையன். சுடர்விழி சோதனைத் தாளை நனைத்தாள். தாள் கருநீலமானது. தண்ணீரில் காரம் அதிகம்; காஸ்டிக் சோடா கலந்தாலும் இப்படித்தான் காட்டும். அப்பா தந்த வாக்கு போச்சே என்று நினைத்தாள். ஆனாலும் சால்ஜாப்பு எதுவும் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் போனை எடுத்து, "ஆலைய நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் ஓட்டாதீங்க" என்றாள்.

பிறகு ஆலைச் சுவரிலிருந்து வடிகாலோடு நடந்தாள். ஊரும் பின்னாலேயே நடந்தது. சுவரோரம் தண்ணீர் தெளிவாக இருந்தது, தாளும் நிறம் மாறவில்லை. கோயில் திருப்பத்தில்தான் சிவப்பு ஆரம்பித்தது. அங்கே கரையில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டிய டிரம் ஒன்றும், மஞ்சள் நீராட்டுக்கு மஞ்சள் கரைத்த அண்டாக்களும் கவிழ்ந்து கிடந்தன.

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

"வேம்புக்கா, ஆரத்திக்கு எதெதக் கரைப்பீங்க?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்..." என்று ஆரம்பித்த வேம்பு அப்படியே நின்றாள். பிறகு அவளே போய் அம்மன் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி வந்து, பாட்டிலில் மொண்ட தண்ணீரில் பிழிந்தாள். சிவப்பு மெல்ல மஞ்சளாகத் திரும்பியது. ஊரே மூச்சுவிட்டது.

"இங்க கொட்டுனது யாரு?" என்றாள் வேம்பு.

வீரையன் தொண்டையைச் செருமினார்.

"நான்தான். கோயிலுக்கு அடிச்ச சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு, மஞ்சத்தண்ணியும் மிச்சம். எல்லாத்தையும் கழுவி வச்சுடலாமேன்னு..."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வாக்குக் கொடுத்தவரே வடிகாலைக் கெடுத்த கதையைப் பேசிக்கொண்டே ஊர் கலைந்தது. போனில் ஆலையை ஓட்டச் சொல்லிவிட்டு சுடர்விழி திரும்பினாள். வீரையன் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஆலை மேல சந்தேகப்பட்டியா, சுடரு?"

"பட்டேன்பா."

"அப்பாடா" என்றார் வீரையன். "நீ இப்படிச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."