காருக்குப் போன பெயர்ப்பலகை

அம்மா செத்து முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை நேசம் தன் தையல் கடையைத் திறக்கவில்லை. அவர்கள் குடும்பத்து வழக்கம் அது. கொட்டாஞ்சேனைக் கடையைப் பூட்டிவிட்டு, அப்பாவுக்குச் சமைத்துப்போட வெள்ளவத்தைக்குப் போய்விட்டாள். போகும்போது மனதை அரித்த கவலை ஒன்றுதான். கோயில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் ‘முதல் நன்மை’ வருகிறது. அந்த வெள்ளைச் சட்டைகளில் பாதி அவள் கையால்தான் தைபடும். கடை வருசம் முழுக்க மூச்சு விடுவதே அந்த வேலையால்தான்.

புருசன் ஹியூபேட்டுக்கு அந்த மாதம் வேறு கவலை. அவனுடைய பழைய காருக்கு, முன் பம்பரின் கீழே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ‘லிப்’ ஒன்று வேண்டுமாம். வேகமாக ஓடும்போது காற்று அடியில் புகுந்து காரைத் தூக்காமல் அது அமத்திப் பிடிக்குமாம். எங்கே ஐயா வேகமாக ஓடுவது? ஜிந்துப்பிட்டி நெரிசலில் சைக்கிளே அவனை முந்திப் போகும்! பைத்தியம் முற்றினால் இதெல்லாம் யோசிக்க வருமா?

பூசை முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்தவன், வழி நெடுக அதே கதையைத்தான் கதைத்துக்கொண்டு வந்தான்.

“முதல்ல ப்ளைவூட் போட்டனான். ஒரு மழைதான், ஊதிப்போட்டுது. பிறகு எலெக்ஷனுக்குக் கட்டுற பிளாஸ்டிக் அட்டை. காத்துக்குப் படபடவெண்டு அடிச்சுக் கிழிஞ்சுது. தகரம் எண்டா இந்தக் கடல் காத்துக்குக் கறள் பிடிச்சிடும். இப்ப போட்டிருக்கிறதுதான் சாமான்! ரெண்டு பக்கமும் அலுமினியம், நடுவில பிளாஸ்டிக். மழை, வெயில், உப்பு ஒண்டும் செய்யாது.”

“எங்க வாங்கினீங்க?” பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

“ஏன் வாங்க? எங்கட கடை வாசல்ல தொங்கின பேர் போட்தானே. இவ்வளவு காலம் வெயிலில கிடந்தும் ஒரு வெடிப்பில்லை. கடையும் சும்மா பூட்டித்தானே கிடந்தது.”

நேசம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “ஐயோ, என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!”

“செத்த வீட்டில போய் இதைக் கதைக்கிறதா? எனக்கும் அறிவிருக்கு. ப்ளைவூட்டில ஒண்டு அடிச்சுத் தாறன். கடைக்கு அது காணும்.”

கொட்டாஞ்சேனை வரும்வரை அவள் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் பக்கம் திரும்பியிருந்தால் அவனைக் கிழித்திருப்பாள்.

கடை வாசலில் இறங்கியபோது, வருசா வருசம் கோயில் பிள்ளைகளின் துணி கொண்டுவரும் கொன்ஸ்ரன்ஸ் எதிரே வந்தாள். வந்தவளின் முகம் மாறியது.

“ஐயோ நேசம்! போட்டையும் கழட்டியிருந்துது. அம்மா போனதோட எல்லாத்தையும் விட்டிட்டாய் எண்டுதான் நினைச்சம். பிள்ளையளின்ட துணியெல்லாம் வேற இடத்தில குடுத்தாச்சு. வெட்டியும் போட்டாங்கள்.”

“நான் ஒண்டையும் விடேல்ல, அக்கா” என்றாள் நேசம். “என்ர பேரைத்தான் இவர் ரோட்டில இழுத்துக்கொண்டு திரியிறார்.”

கொன்ஸ்ரன்ஸ் காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நேசத்தின் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள்.

ஹியூபேட் குந்தியிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியால் லிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். “பாத்தியா, பள்ளத்தில அடிச்சும் அசையேல்ல!”

நேசம் கடையைத் திறந்தாள். வெட்டும் மேசையில் ஒரு முழத் துணிகூட இல்லை. அம்மாவின் சவப்பெட்டியை மூடியபோதுகூட இப்படி ஆத்திரம் வரவில்லை அவளுக்கு.

“நேசம், ஏறு. வீட்டை போவம்.”

“நீ போ” என்றாள். “அந்தப் போட்டைப் பாத்துத்தான் சனம் என்னட்ட வந்தது. அதைக் கழட்டிக்கொண்டு போனவன் இனி இஞ்ச வரத் தேவையில்லை.”